கோவிந்தன் கொடுத்த கண்

"கோவிந்தன் பூட்டாரு சிஸ்டர். நெஞ்சுவலி." குருசுக்குப்பத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது வார்டில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. இறந்தவர் கண்ணிலிருந்து கருவிழி எடுத்துப் பார்வை போனவருக்கு வைக்கும் ஆபரேஷன் எங்களுக்குப் புதுசு.

கோவிந்தன் கடலுக்குப் போகிறவர். கொஞ்ச நாள் முன்புதான் இமையைத் தூண்டில் முள் கிழித்து, தையல் போட எங்களிடம் வந்து படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ரெட்டியார்பாளையம் வீரப்பன். நெல் தூற்றும்போது உமி விழுந்து, புண்ணாகி, இரண்டு கருவிழியும் வெளுத்துப்போனவர். அவருக்குக் கோவிந்தன்தான் சோறு பிசைந்து கொடுப்பார். வீட்டுக்குக் கிளம்பும்போது, "நான் செத்தா என் கண்ண இவனுக்கு வச்சுடுங்க" என்றார். அவர் மனைவி அஞ்சலை உட்பட எல்லோரும் சிரித்தோம்.

டாக்டரை நாங்கள் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். ஐஸ் வைத்த குப்பியோடு கிளம்பினார். "நீதான் கேக்கணும்மா. வேணாம்னா உடனே திரும்பிடலாம்."

குருசுக்குப்பம் போகும் வழியெல்லாம் யோசித்தேன். அழுகிறவர்களிடம் எப்படிக் கேட்பது?

அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கோவிந்தனின் அண்ணன் பாய்ந்து வந்தார். "பொணத்து மேல கைய வைப்பீங்களா? அடுத்த பொறப்புல அவன் குருடா பொறக்கணுமா?"

முசே வாசல் பக்கம் நகர்ந்தார். நானும் எழுந்தேன். அஞ்சலை என் கையை விடவில்லை.

"மாமா, உங்க தம்பி வெளையாட்டுக்குச் சொன்னாருன்னுதான் நெனச்சேன். வூட்டுக்கு வந்தும் அந்த ஆள நெனச்சே பேசினாரு. அவரு சொன்ன சொல்லையும் சேத்துப் பொதைக்க என்னால முடியாது."

அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை வெளியே அனுப்பினார். "மூஞ்சி கெடக்கூடாதும்மா."

கெடவில்லை. வேலை முடிந்ததும் பஞ்சு வைத்து இமைகளை நான்தான் மூடினேன்.

ஒரு கண் வீரப்பனுக்கு. இன்னொன்று வேறொரு நோயாளிக்கு, அது பலிக்கவில்லை. வீரப்பனுக்கு மெல்ல மெல்லத் தெளிந்தது.

சில வாரம் கழித்து, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அஞ்சலை வந்தாள். கூடவே அண்ணனும். வராந்தாவில் வீரப்பன் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே போய் நின்றாள். வாய் திறக்கவில்லை, சத்தமில்லாமல் கண்ணீர் மட்டும் வழிந்தது.

வீரப்பன் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "யாரும்மா நீ? ஏன் அழுவுற?"

அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார். "என் தம்பிக்குக் கண்ணு தெரியுதும்மா" என்றார்.

அதன்பிறகு துக்க வீடுகளில் கேட்க நான் தயங்கியதில்லை. மறுத்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஆனால் கேட்காமலே வந்துவிட்டால், இறந்தவருக்காக அந்த வீட்டார் செய்யக்கூடிய கடைசிக் காரியத்தை நாமே தடுத்தவர்களாகிவிடுவோம்.