அண்ணியின் சர்க்கரை

அண்ணி எப்போதும் இடது கையைத்தான் நீட்டுவார். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் பார்ப்பார். செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வெறும் வயிற்றில் பஸ் ஏறி வருவார். முடிவு வந்ததும் நான் காகிதத்தைத் தட்டிக் காட்டுவேன். "வாயி இன்னா வேணா சொல்லும் அண்ணி. ரத்தம் பொய் சொல்லாது." அப்போது அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்த ஊரிலிருந்து வாழ வந்தவர் அவர். எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையின் மேலேயே இருக்கிறது. ரோட்டு மேல் வீடு என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு அத்தனை பெருமை. பெண் பார்க்கப் போனபோதும் அதைத்தான் முதலில் சொன்னோம். கல்யாணம் ஆனதும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் சாலையைப் பார்த்த முன்னறையைக் கொடுத்தோம். ஏரிப் பக்கம் இருந்த பின்னறை என்னுடையது. அண்ணனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்பதால், பாதி ராத்திரிகள் அண்ணி அங்கே தனியாகத்தான் படுத்தார். கன்டெய்னர் லாரிகள் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும். ஏர் ஹாரன் ஒன்று போதும், தூங்குகிறவரைத் தூக்கிப் போட.

முதலில் பிரஷர் வந்தது, பிறகு சர்க்கரை. மெலிந்த உடம்பு, அவர் குடும்பத்தில் யாருக்கும் இந்த வியாதி கிடையாது. மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை. திருட்டுத்தீனிதான் காரணம் என்று முடிவு கட்டினோம். எங்கள் முன்னால் அவர் இனிப்பைத் தொடமாட்டார். அதையே நடிப்பு என்றோம். அம்மா வெல்ல டப்பாவைத் தன் அறைக்கு எடுத்துப் போனாள். படித்தவன் நான், ஒருநாள் அரிசிப் பானைக்குள் கைவிட்டு இனிப்பு ஒளித்திருக்கிறதா என்று தேடினேன். அண்ணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தியமா நான் ஒண்ணும் துன்னல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஒரு முறை தாய்வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தார். சர்க்கரையும் இறங்கியிருந்தது, பிரஷரும் இறங்கியிருந்தது. "பாத்தீங்களா, அங்க துன்றதுக்கு ஒண்ணும் இல்ல, எறங்கிடுச்சி" என்று நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. "அங்க நான் தூங்கினேன் தம்பி. இங்க முழிச்சிகினே கெடக்கறேன். ஒரு ரெண்டு மாசம் உங்க ரூம்ல படுத்துக்கட்டுமா?" நான் அப்போதுதான் என் அறையில் ஏசி மாட்டியிருந்தேன். "இத்தினி வருசம் ஆச்சி, எல்லாம் பழகிடும் அண்ணி" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அவருக்கு நெஞ்சு வலி ஒரு தடவை வந்துபோன பிறகு, எங்கள் நிலையத்துக்கு வரும் டாக்டரிடம் அவருடைய பழைய முடிவுகளைக் காட்டினேன். திருட்டுத்தீனி விஷயத்தையும் போட்டுக்கொடுத்தேன். டாக்டர் அதைக் காதில் வாங்காமல், வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். "உன் காது பழகிடும்பா. உடம்பு அப்படிப் பழகாது" என்றார். ஒவ்வொரு ஹாரனுக்கும் உடம்பு ஆபத்து வந்ததுபோல் பதறும், ஆள் கண் விழிக்காவிட்டாலும் ரத்த அழுத்தம் ஏறும், அந்தப் பதற்றமும் தூக்கம் கெடுவதும் சர்க்கரையையும் ஏற்றும், வருடக்கணக்கில் இப்படியே போனால் இதயத்துக்குக் கேடு என்று விளக்கினார். இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் முதலில் அவரைச் சத்தம் இல்லாத அறைக்கு மாற்று என்றார்.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அரிசிப் பானையில் கைவிட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அறையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். தீபாவளிக்கு முன்பே, காலையில் காபி போட எழுந்த அண்ணி அடுப்பங்கரையில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. நாற்பத்து மூன்று வயதுதான்.

இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் பதினாறாம் நாள் படையலில் வைப்பது எங்கள் வழக்கம். அண்ணன் ஜாங்கிரியும் மைசூர்பாகும் பால்கோவாவும் வாங்கிவந்து அண்ணியின் படத்துக்கு முன்னால் அடுக்கினார். "உயிரோட இருக்கச்ச ஆசையா துன்ன வுடலயே" என்று அழுதார். அண்ணியின் அம்மா அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யாருக்கு? எம் பொண்ணுக்கு இனிப்புன்னாலே கொமட்டும். கோயில்ல குடுக்கற சக்கரப் பொங்கலைக்கூட என் கையில தள்ளிடுவா. இத்தினி வருசம் ஒரே வூட்ல இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

டாக்டர் சொன்னதை நான் அப்போதும் சொல்லவில்லை. அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

முன்னறை பூட்டியே கிடக்கிறது. அண்ணன் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார், அவருக்கும் இப்போது பிரஷர் மாத்திரை உண்டு. நான் இன்னும் பின்னறையில்தான் இருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டால் ஒரு சத்தமும் கேட்பதில்லை. படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது, வெட்கமே இல்லாமல்.