அன்பியக் கூட்டத்தில் என் கோபத்துக்கு ஒரு மன்றாட்டு

நேற்று எங்கள் தெருவே சேர்ந்து எனக்காக ஜெபித்தது.

காய்ச்சலா? இல்லை. ஆபரேஷனா? அதுவும் இல்லை.

பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் எனக்கு வரும் கோபத்துக்காக!!!

(சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.)

அன்பியம் தெரியாதவர்களுக்கு: எங்கள் தேவாலயப் பங்கில் தெருவுக்குத் தெரு சில குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். கடைசியில் ஆளாளுக்கு எழுந்து ஒரு மன்றாட்டு சொல்வார்கள். மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். அப்புறம் சமோசா, டீ. (நான் எதற்குப் போகிறேன் என்று புரிந்திருக்கும்.)

விஷயத்துக்கு வருகிறேன்.

மாதாமாதம் அந்த ஒரு வாரம் நான் நானாக இருப்பதில்லை. சப்பாத்தி வட்டமாக வரவில்லை என்று அழுதிருக்கிறேன்! போன மாதம் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் ஒரு சின்ன வாக்குவாதம். வேலையே வேண்டாம் என்று சொல்ல ஹெச்.எம். அறை வாசல் வரை போய்விட்டேன். எனக்கு உயிரான டீச்சர் வேலை அது. பீரியட்ஸ் வந்த பிறகுதான் என்ன செய்யப் போனேன் என்று உறைத்தது. பைத்தியம்தான் பிடிக்கிறதோ என்று நிஜமாகவே பயந்தேன்.

ராயப்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஹார்மோன் ஏறி எறங்கறப்ப சில பேருக்கு மனசும் சேர்ந்து ஆடும். தேதியையும் மூடையும் ரெண்டு மூணு மாசம் குறிச்சு வைங்க. அந்த வாரம் நல்லா தூங்குங்க, நடங்க, காபியக் கொறைங்க, பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க. அப்பவும் தாங்கலைன்னா வாங்க, மருந்து இருக்கு" என்றார்.

"வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வைங்க. சப்போர்ட்டா இருப்பாரு."

சொன்னேன். அங்கேதான் தப்பு!

நேற்று கூட்டத்தில் எங்காள் சேவியர் எழுந்து நின்றார். கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மாதவிடாய்க்கு முந்தின வாரம் வர்ற கோபம் தணியவும், அதைத் தாங்குற சக்திய எனக்கும் பிள்ளைங்களுக்கும் தரவும்..."

ஆண்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன்.

பிறகு பெண்கள் ஆரம்பித்தார்கள் பாருங்கள்! "ஆண்டவரே! எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!!" யாருக்கோ இருதய ஆபரேஷன் என்று ஜெபித்தபோதுகூட இவ்வளவு சத்தம் வந்ததில்லை.

சமோசா நேரத்தில் ரீட்டா அக்கா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார். எங்கள் அன்பியப் பொறுப்பாளர். யார் லேட்டாக வந்தாலும் முறைப்பவர். டாக்டரைப் பார்த்த கதையை அவரிடம் சொன்னேன்.

"இன்னாமா, எனக்கும் அப்டியேதான் கீது! பேய் புடிச்சிகினு கீதுன்னு எங்க மாமியா மந்திரிச்ச எண்ணெய வாங்கியாந்து தலையில தேய்ச்சுது. அந்த டாக்டரு எங்கமா கீறாங்க?"

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். கையில் தட்டோடு!

எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருடமாக மறைத்துக்கொண்டிருந்தேனே! அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அதற்காக எங்காளை விட்டுவிட முடியுமா? வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் நான் வாயே திறக்கவில்லை.

"ஸ்டெல்லா... கோவமா?"

"ஆமா."

"அந்த... வாரமா?"

"அது முடிஞ்சு போச்சு. இது சொந்தக் கோவம்."

மனிதர் மந்தைவெளி நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தும் நகரவில்லை.

"அப்போ... எதுக்குக் கோவம்? சொல்லு."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் என் கோபத்துக்குக் காரணம் கேட்டது இதுதான் முதல் தடவை. விடுவேனா?

வீடு வரும்வரை சொன்னேன். வீடு வந்த பிறகும் சொன்னேன். அவரே குக்கர் வைத்தார், அப்போதும் பக்கத்தில் நின்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார், பாவம்.

இன்னும் கல்யாணமான முதல் வருடத்துக் கோபங்களையே நான் சொல்லி முடிக்கவில்லை!