தீப்பெட்டிப் படமும் ஒரு சிவப்புக் குறியும்

தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களின் இணையக் குழுவில் ஒரு விதி உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

பள்ளிபாளையத்து மூத்த உறுப்பினர் ஒருவருக்கு என் மயில் படத்தை அனுப்பினேன். பதிலுக்கு அவர் யானைப் படம் தருவதாகப் பேச்சு. மூன்று வாரமாகியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. 'ஏமாற்றுக்காரர்' என்று குழுவில் புகார் எழுதினேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழுந்தது.

இன்று நேரிலேயே கேட்டுவிடுவது என்று சூரமங்கலத்திலிருந்து பஸ் ஏறினேன்.

அவர் வீட்டுச் சுவரில் அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"சூரமங்கலத்துக்காரருங்களா? வாங்க," என்ற அவர் மனைவி, என் முகவரி எழுதி ஒட்டிய கவரை எடுத்து வந்தார். "இதைக் கொரியர்ல போடக் கிளம்புறப்பதானுங்க நெஞ்சு வலின்னாரு. அப்புறம் ஊடு திரும்பவே இல்லீங்க."

கவரை வாங்கிக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரியில கடைசி நாள் போனைக் கேட்டு வாங்கிப் பாத்தாருங்க. பேருக்குப் பக்கத்துல சிவப்புக் குறின்னு ஒரே வெசனம். போட்டது யாருன்னு கேட்டேன். சொல்லவே இல்லீங்க."

புகாரை நீக்க இருவருமே 'சம்மதம்' அழுத்த வேண்டுமாம். திரும்பும் பஸ்ஸிலேயே அழுத்திவிட்டேன். 'அடுத்தவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறோம்' என்று திரையில் நிற்கிறது.

வேறு வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.