பிரியாது என்றவர்

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். புன்னக்காயல்காரர். நான் பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்த முதல் வாரமே அவருக்கு என்னைப் பிடிக்காமல் போயிற்று. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. மறைக்க நான் மெனக்கெடவும் இல்லை.

நாங்கள் செய்தது பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருட்களால் ஆன சூரிய மின்கலம். சிலிக்கானில் வெயில் பட்டால் எலக்ட்ரான் சுலபமாகக் கழன்றுவிடும். கரிமப் பொருளில் எலக்ட்ரானும் அது விட்டுவந்த காலியிடமும் ஒன்றையொன்று பிடித்தபடியே அலையும். சீக்கிரம் பிரியாவிட்டால் மறுபடி ஒன்றாகிவிடும். வாங்கிய வெளிச்சம் வீண். அதனால் எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளையும் வாங்கும் பொருளையும் நெருக்கமாகக் கலந்து பூசுகிறோம். இரண்டும் தொடும் எல்லையில் எலக்ட்ரான் மறுபக்கம் தாவும். தாவுவதற்குப் பெரிய ஆற்றல் இறக்கம் வேண்டும் என்பதுதான் அவர் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டின் அடிப்படை. அந்த இறக்கத்தால் கலத்தின் மின்னழுத்தம் குறையும். வேறு வழியில்லை என்பார்.

நான் புதிதாக ஒரு வாங்கும் பொருளைக் கலந்தேன். இறக்கம் மிகச் சிறியது. வெயிலுக்குப் பதிலாக வைத்த விளக்கின் கீழ் அளந்தபோது மின்னழுத்தம் குறையவில்லை, மின்னோட்டமும் நன்றாக வந்தது.

வாராந்தரக் கூட்டத்தில் அதைக் காட்டியதும் அவர் எழுந்தார்.

"பொய் சார். வெளக்கக் கூட்டி வச்சிட்டு அளக்குதா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமாக்கும்? இந்த எறக்கத்துல எப்படிப் பிரியும்? ஏட்டி, போய்ப் படிச்சிட்டு வா."

"ஏட்டின்னு கூப்பிடுத வேலையெல்லாம் இங்கன வேண்டாம்."

எங்கள் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் மேசையைத் தட்டினார். அவரைப் பார்த்து, "ஏலே, வெளக்க நீயே சரிபாரு. நீயே அள" என்றார்.

அன்று மத்தியானமே அளந்தார். கொடுக்கும் பொருளை மட்டும் பூசிய படலம் லேசர் பட்டதும் சிவப்பாக ஒளிர்ந்தது. கலவைப் படலத்தில் அந்த ஒளிர்வு ஏறக்குறைய அணைந்துவிட்டது. எலக்ட்ரான் மறுபக்கம் தாவியதன் அடையாளம் அது.

"ஒளிர்வு அணைஞ்சா மட்டும் பிரிஞ்சிருச்சின்னு அர்த்தமில்ல" என்றார். அது உண்மைதான். அதனாலேயே இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு விளக்கைச் சரிபார்த்து மின்னோட்டத்தை அளந்தார். எனக்கு வந்த அளவே வந்தது. கம்பியை மாற்றினார். என்னிடம் வேறு கலத்தை வாங்கி வைத்தார். எதிலும் மாற்றமில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டு வெளியேறினார்.

இந்த முடிவை வைத்து நான் எழுதிய கட்டுரையில் அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னார் வழிகாட்டி.

"என்னைப் பொய்க்காரின்னு சொன்னவரு பேரு எதுக்கு சார்?"

"அளந்தது அவன்தானம்மா."

பெயர் சேர்ந்தது.

அடுத்த வருடம் அவருடைய வாய்மொழித் தேர்வு. சிறிய இறக்கத்தில் மின்னூட்டங்கள் எப்படிப் பிரிகின்றன என்று தேர்வாளர் கேட்டார். மூலக்கூறுகள் சீராக அடுக்கப்பட்டிருந்தால் எலக்ட்ரான் பல மூலக்கூறுகளில் பரவி நிற்கும், பிடிப்பு தளரும், எல்லையில் உள்ள மின்புலமும் எலக்ட்ரானையும் காலியிடத்தையும் விலக்கிவிடும் என்று நிதானமாக விளக்கினார். ஒருநாளும் சந்தேகப்படாதவர் மாதிரி. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. தேநீருக்கும் நிற்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.