மறுவீட்டுச் சொதி

1. சாப்பிடுகிற வேலை

மயிலாப்பூரில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டால் "சாப்பிடுற வேலை" என்பேன், சிரிப்பார்கள். நிஜமாகவே அதுதான். கல்யாண வீட்டார் "எங்க ஊர் ருசி வேணும்" என்பார்கள். நான் பஸ்ஸோ ரயிலோ பிடித்து அந்த ஊருக்குப் போய், நாலு வீட்டிலும் நாலு கடையிலும் சாப்பிட்டு, அளவையும் பக்குவத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து எங்கள் சமையல் மாஸ்டருக்குச் சொல்வேன். காரைக்குடி, கும்பகோணம், விருதுநகர், பாலக்காடு என்று நான் அலையாத ஊர் இல்லை.

என் நாக்கின் மேல் எனக்கு அப்படி ஒரு கர்வம். காபி, டீ தொட மாட்டேன். வேலை நேரத்தில் கண்ட இடத்தில் கை நனைக்க மாட்டேன். அந்தக் கர்வத்தால் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்கள் போனில் வீடியோ பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

2. கயல் கேட்டது

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம். ஒரே மகள் கயல். நெல்லைப் பக்கத்துக் குடும்பம். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்து. தேங்காய்ப்பால் சொதி இல்லாமல் அந்த விருந்துக்கு இலை போட மாட்டார்கள். கடையின் ஆபீஸ் அறையில் மெனு பேசி முடித்தோம். கிளம்பும்போது கயல் என்னை மாடிப்படி ஓரம் அழைத்துப் போனாள்.

"ஆன்ட்டி, அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அதுலேர்ந்து அப்பா சொதியைத் தொடுறதே இல்ல. யார் வச்சாலும் ஒதுக்கிடுறார். மறுவீட்டுல மட்டும் அப்பா என் பக்கத்துல உக்காந்து சொதி ஊத்திச் சாப்பிடணும். அம்மாவும் கூட இருக்கிற மாதிரி இருக்கும் எனக்கு."

"அம்மா எப்படி வைப்பாங்கன்னு தெரியுமாம்மா?"

"எங்க தெரியும்? தட்டை நீட்டினதோட சரி. ஒரு நாள் கூடக் கேட்டுக்கல ஆன்ட்டி." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "அந்த ருசியைக் கொண்டு வரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் இப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கவே கூடாது.

அப்போது மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கடை ஊழியர்களுக்குச் சமைக்கிற செல்வி.

"சாப்பாட்டு நேரம்லா! ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போங்கக்கா."

"இல்லம்மா, வேலையா வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஊழியர் சாப்பாட்டில் நமக்கு என்ன கிடைக்கப் போகிறது என்ற நினைப்பு.

3. மூன்று ஊர்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் கெட்டியான முதல் பாலை விட்ட கையோடு அடுப்பை அணைத்தார்கள். தென்காசியில் சிறுபருப்பை வாசம் வர வறுத்துச் சேர்த்தார்கள். தூத்துக்குடியில் ஒரு சமையல்காரர், சொதியின் சூடு தணிந்த பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும் என்று கிட்டே நிற்க வைத்துக் காட்டினார். அங்கே வெட்கமே இல்லாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்து நானே வைத்தேன். எங்கள் முதலாளி சேஷு மாமா ருசி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "தேவாமிர்தம்! இன்னும் எதையாவது மாத்திண்டு இருக்காதே. எடுத்துண்டு கிளம்பு."

சொதியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

"நல்லாருக்கும்மா. நல்ல கைப்பக்குவம். இதையே வச்சிருங்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு பில் புத்தகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டாவது வாய் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு நாலே நாள்தான் பாக்கி. கயல் முகத்தில் எப்படி முழிப்பது?

4. மூன்றாவது மாடி

ருசி காட்டப் போகிற நாளில் நான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. படியில் நின்றவளுக்குத் தலை சுற்றியது. மேலேயிருந்து செல்வி பார்த்துவிட்டாள்.

"இன்னைக்காவது உக்காருங்கக்கா. மூஞ்சியே சரியில்ல."

உட்கார்ந்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும் போட்டாள். அந்தக் குழம்பு என்ன ருசி! சாப்பிட்டபடியே என் கஷ்டத்தைக் கொட்டினேன். செல்வி என் தூக்கைத் திறந்து கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கயலோட அம்மா, எங்க மதினி, வைக்கிற சொதி இது இல்லக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குச் சொல்லிக் கொடுத்ததே மதினிதான. கடை ஆரம்பிச்ச புதுசுல நாப்பது பேருக்கு இந்த அடுப்புல மதினிதான் பொங்கிப் போட்டாவ. அம்புட்டுப் பேருக்குத் தேங்காப்பால் பத்தாதுல்லா? பொட்டுக்கடலையப் பச்சமிளகாயோட அரைச்சு விட்டுருவாவ. அண்ணாச்சிக்கு அந்த ருசிதான் பிடிச்சுப் போச்சு. வசதி வந்த பொறவும் வீட்டுல அப்படியேதான் வச்சாவ."

"இப்ப நீ ஏன் வைக்கிறதில்ல?"

"மதினி போன பொறவு ஒருநா வச்சேன். வாசம் பிடிச்சு அண்ணாச்சி படியேறி வந்தாவ. வாசல்ல நின்னு அடுப்பையே பாத்தாவ, அப்படியே இறங்கிப் போயிட்டாவ. பாக்கச் சகிக்கல. அதோட விட்டுட்டேன்."

சொதியில் பொட்டுக்கடலையா! வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். முதல் நாள் இவள் கூப்பிட்டபோதே உட்கார்ந்திருந்தால் மூன்று ஊர் சுற்றியிருக்க வேண்டாம். வெட்கமாக இருந்தது. செல்வியின் கையைப் பிடித்து, "மறுவீட்டுக்கு நீதான் சொதி வைக்கணும்" என்றேன்.

5. பந்தி

அடையாறு மண்டபம். செல்வி அடுப்பில் நின்றாள். எங்கள் மாஸ்டர் முறைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாக்கா இது, சொதியில போயி பொட்டுக்கடலையா? நம்ம பேரே கெட்டுப்பூடும்."

"கொஞ்சம் வாயை மூடிக்கினு நில்லுப்பா" என்றேன்.

கயல் பக்கத்தில் அண்ணாச்சி உட்கார்ந்தார். நானே சொதி வாளியை எடுத்துப் போனேன். அவர் வேண்டாமென்று இலைக்கு மேல் கை நீட்டுவதற்குள் ஊற்றிவிட்டேன். குனிந்து பார்த்தார். மெதுவாகப் பிசைந்தார். ஒரு வாய், இன்னொரு வாய். தலையை நிமிர்த்தவே இல்லை. கயல் இடது கையால் அப்பாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சோறு தீர்ந்த பிறகுதான் பேசினார்.

"செல்வி வந்திருக்காளா?"

"வந்திருக்காங்க அண்ணாச்சி."

"கடலை ஒரு பிடி கூடிப்போச்சுன்னு சொல்லுங்க. இவ அம்மா இருந்தா ஏசியிருப்பா." இலையைக் காட்டினார். "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா."

நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. செல்வி இப்போது சனிக்கிழமைகளில் சொதி வைக்கிறாள். அண்ணாச்சி மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி, ஊழியர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நானும் போவதுண்டு. புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊர் ஊராகப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ரயில் ஏறுவதற்கு முன்னால், கேட்டவர் வீட்டில் அடுப்பு முன்னால் நிற்பவர் யார் என்று பாருங்கள். அவர் சாப்பிடக் கூப்பிட்டால் உட்காருங்கள்.