நோன்புக் கடல்பாசியும் பட்டினிக் காளானும்

கடலூர் முதுநகரில் என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கடல்பாசி. ஏன் என்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. சிதம்பரத்தில் தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வைக்கோல் காளானின் வெள்ளை இழையைச் சோதனைக்குழாயில் வளர்ப்பது என் வேலை. இழை படர அகர் வேண்டும்; காய்ச்சி உறையவைத்த கடல்பாசிதான் அது. ஆய்வுக்கூடத்தில் அகர் தீர்ந்துபோனது. மதராஸிலிருந்து வரப் பத்து நாள் ஆகுமாம். என்னிடம் உயிரோடு இருந்ததோ ஒரே குழாய், அதுவும் காய்ந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. அது செத்தால் என் ஓராண்டு உழைப்பும் போச்சு.

முதுநகர் பாய்மார் கடைகளில் கடல்பாசி விற்கும் என்று விடுதியில் ஒருவன் சொன்னான். மறுநாள் காலை 7.10 பாசஞ்சர். கிள்ளை, வெள்ளாற்றுப் பாலம், பரங்கிப்பேட்டை என்று நாற்பது கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரம் உருட்டியது. முதுநகரை அப்போதெல்லாம் ஓ.டி., அதாவது ஓல்ட் டவுன், என்றால்தான் தெரியும்.

ரம்ஜான் மாதம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைக்காரர் காசிம் பாய் சிரித்தார். “நோன்புல கடல்பாசி கெடைக்குமா தம்பி? நோன்பு தொறக்க ஊரே வாங்கிக் காய்ச்சித் தீத்துருச்சு. யாருக்கு?”

“காளானுக்கு பாய். தீனி இல்லாம சாவுது.”

அவருக்கு என்ன தோன்றியதோ, கடையைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசல் பெஞ்சில் ஒரு மணி நேரம் இருந்தேன். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் வந்தது. திறந்தால், தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பட்டினியா கெடக்குதுன்னாரு, அதான் சீனிய ஜாஸ்தியா போட்டேன். நோன்பு, ருசி பாக்கல,” என்றது பாயின் மனைவியின் குரல்.

காய்ச்சாத பாசி மிச்சமிருக்கிறதா என்று கூச்சத்தோடு கேட்டேன். பாக்கெட்டின் அடியில் கிடந்த நாலு இழைகளை மடித்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை.

திரும்பியது பஸ்ஸில், புவனகிரி வழியாக. ஆருத்ரா தரிசனக் கூட்டம். எண்பத்தைந்து பைசா டிக்கெட்டுக்கு ஒற்றைக் காலில் நின்றேன், டிபன் பாக்ஸைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு.

அன்றே இரண்டு தட்டு தயார் செய்தேன். ஒன்றில் அந்த அம்மாவின் இனிப்பு. இன்னொன்றில் நாலு இழைப் பாசியும் வைக்கோல் ஊறிய தண்ணீர் ஒரு கரண்டியும், அவ்வளவுதான். குழாயில் இருந்ததை இரண்டாக நறுக்கி வைத்தேன். குளிருக்குப் பயந்து, பல்பு எரியும் பெட்டிக்குள் இரண்டையும் அடைத்தேன். என் நம்பிக்கை முழுக்க இனிப்புத் தட்டின் மேல். தீனி கூடினால் வளர்ச்சியும் கூடும், வேறென்ன?

நாலாம் நாள் இனிப்புத் தட்டில் இழை வைத்த இடத்திலேயே கொழுத்து உட்கார்ந்திருந்தது. விரலகலம்கூட நகரவில்லை. அதற்குள் பச்சைப் பூஞ்சை விருந்துக்கு வந்து தட்டையே பிடித்துக்கொண்டது. மற்றது காலியாகத் தெரிந்தது. கழுவப் போட எடுத்தவன், எதற்கும் இருக்கட்டுமென்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சிலந்தி நூலைவிட மெல்லியதாய், தட்டின் விளிம்புவரை ஓடியிருந்தது! தீனி தேடி ஓடிய ஓட்டம். விளிம்பில் ஒரு துண்டு வெட்டி, மதராஸ் அகர் வந்ததும் உருளைக்கிழங்குச் சாற்றோடு வைத்தேன். மூன்றே நாளில் பஞ்சுபோல் மூடிக்கொண்டது.

போகிறவர்களுக்கு: காலை ரயில் நல்லது. பாசியை நோன்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள். காளான் வளர்ப்பதானால் சர்க்கரை போடும் கையை அடக்குங்கள். காலியாகத் தெரியும் தட்டை வெளிச்சத்தில் பார்க்காமல் கழுவாதீர்கள்.

பங்குனியில் முதல் காளான்களை வாழை இலையில் கட்டிக்கொண்டு அதே ரயிலில் போனேன். திரைக்குப் பின்னால் அதே குரல். “நான் குடுத்ததுல வளந்ததா தம்பி?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “நீங்க காய்ச்சுனது கெட்டுப்போச்சும்மா. ஒண்ணும் போடாத பாசியிலதான் பொழைச்சுது. தீனி தேடி ரொம்ப தூரம் ஓடிச்சு.”

 கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன்.

“எம் புள்ளையும் அப்புடித்தான், தம்பி. பினாங்குல இருக்கான்,” என்றார்.