அம்மா உள்ளே விட்ட விளம்பரங்கள்

என் தங்கச்சி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் ஓய்வு. அந்த ஒரு பின்னேரத்தை நம்பித்தான், இலங்கை மலையகத்தில் பெரகலவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தனியாக இருந்த எங்கள் அம்மா வாரத்தின் மற்ற நாட்களைத் தள்ளினார். வெள்ளிக்கிழமை வந்தால் தலைக்குக் குளிப்பார். கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டுவார். பகல் சோறு முடிந்த கையோடு கம்பியூட்டர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டார்.

ஒரு போன் வாங்கித் தருகிறேன், அதில் பேசலாமே என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "ஒன் போன்ல அவ மொகம் நெருப்புப் பெட்டி அளவுக்குத்தான் தெரியுது. எனக்கு அவ மொகத்தப் பாக்கணும்" என்றார். அம்மாவின் ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன் முடிந்திருந்தது. மற்றக் கண் தன் முறைக்காகக் காத்திருந்தது. அதனால் நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் பண்டாரவளையில் வாங்கிய கம்பியூட்டரை, நான் டீச்சராக இருக்கிற பதுளையிலிருந்து கொண்டுவந்து அம்மாவுக்கு வைத்துக் கொடுத்தேன். நான் வாங்கும்போதே அது இன்னொருவர் பாவித்த சாமான். அதிலிருந்த விண்டோஸைச் செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள். போட்டவுடன் பால் காய்ச்சி இறக்குகிற நேரம் யோசித்துவிட்டுத்தான் திரையைக் காட்டும். ஆனால் திரை பெரியது. அம்மாவுக்கு அது போதும்.

அம்மா பேசுவதை விடப் பார்ப்பதுதான் அதிகம். "கொஞ்சம் பின்னுக்குப் போ. அந்த லைட்டுக்குக் கீழ நில்லு. இப்ப திரும்பு" என்று சொல்வார். தங்கச்சியும் கடைப் பொம்மை மாதிரிச் சுற்றிக் காட்டுவாள். கன்னம் வற்றியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா, சிரிப்பு சும்மா சிரிக்கிற சிரிப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிட்டியா?" என்பார். பேச்சு அவ்வளவுதான்.

கம்பியூட்டரைக் கொடுத்த அன்று அம்மாவுக்கு நான் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்தேன். மௌசைப் பிடிக்கப் பழக்கிவிட்டு, "கீழ் மூலையில ஒரு சின்னப் பெட்டி வரும்மா. அதுல நீல நெறத்துல இருக்குறத அமத்துங்க. சின்னவ வந்துருவா" என்றேன். அம்மா அந்தப் பாடத்தைப் பிழையில்லாமல் பிடித்துக்கொண்டார். என் வகுப்புப் பிள்ளைகள் கணக்கை இப்படிப் பிடித்துக்கொண்டால் நான் ஏன் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறேன்?

சிக்கல் என்னவென்றால், மூலையில் பெட்டியாக வருவது தங்கச்சி மட்டும் இல்லை. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு தளம் 'உங்களுக்குச் செய்தி அனுப்பலாமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. அம்மா நீலத்தை அமத்தியிருக்கிறார். அது போய்த் தன் சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் மெலிவதற்கு மாத்திரை, மொட்டைத் தலைக்குத் தைலம், பரிசு விழுந்த போன் என்று வரிசையாக வந்து நின்றார்கள். அம்மா ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

"எதுக்கும்மா எல்லாத்துக்கும் சரி குடுக்குறீங்க?" என்று கத்தினேன்.

"வாசலுக்கு வந்தவங்கள என்னான்னு கேக்காம போகச் சொல்றதா? நல்லா இருக்கே ஒங்க படிப்பு. நேத்து ஒரு பொண்ணு வந்து சிரிச்சிக்கிட்டே நின்னுச்சு. என்ன வேணும்னு தெரியல. பாவம், குளுருக்கு ஒரு சட்டகூட இல்ல."

அந்தப் பெண் எதற்காக அப்படி வந்து நின்றாள் என்று அம்மாவுக்கு விளக்க என்னால் முடியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை மூடினேன். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் வளர்ந்தவர் அம்மா. அங்கே பகலில் ஒருவர் வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. வருகிறவர் சீட்டுப் பிடிக்கிறவரா, சேலை விற்கிறவரா, வெறுமனே வம்பளக்க வந்தவரா என்பது தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் தெரியும். அந்த வழக்கத்தைத் தனி வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. கம்பியூட்டருக்கு மட்டும் ஏன் விட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, தங்கச்சியின் ஒப்பந்தம் முடிகிற காலம் வரும் வரைக்கும். முதல் முறை அவள் போனது அம்மா இருக்கிற இந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்கு. வீடு முடிந்தது. இரண்டாவது முறை ஏன் போனாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது குவைத் வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறாயா என்று கேட்டிருந்தார். எனக்கு அவள் வந்துவிட வேண்டும். அம்மாவுக்கும் அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா தினமும் அவளுடைய கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"அவ மனசுல என்ன இருக்குன்னு தெரியாம நான் எப்டி சொல்றது? நமக்காகப் போன புள்ள. நான் வான்னு சொல்லி, அவளுக்கு அங்கதான் நிம்மதின்னா? மொகத்தப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

தங்கச்சியிடம் கேட்டால், "பாக்கலாம்க்கா" என்பாள். இந்தப் பக்கம் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பக்கம் ஒருத்தி முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நடுவில் நான் பைத்தியக்காரி மாதிரி இரண்டு பக்கமும் அலைந்துகொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா லீவு. அதனால் நானும் அங்கே இருந்தேன். தங்கச்சி திரையில் வந்து, "அம்மா, அடுத்த வெள்ளிக்கெழம மேடத்துக்குப் பதில் சொல்லணும்மா" என்று தொடங்கினாள். அம்மா முன்னுக்குச் சாய்ந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்துத் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். ஓர் ஆள் ஆங்கிலத்தில் மிரட்டினான்: உன் கம்பியூட்டருக்கு ஆபத்து, உடனே இந்த நம்பருக்குக் கோல் எடு. அம்மா எழும்பி ஓடிப்போய்த் திருநீறு எடுத்துவந்து கம்பியூட்டரின் தலையில் பூசினார். நான் வயரைப் பிடுங்கினேன். திரும்பவும் போட்டு எல்லாம் ஏறி வருவதற்குள் தங்கச்சியின் ஓய்வு நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் கம்பியூட்டர்ப் பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன். அதை எனக்கு விற்ற, எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனின் கடை இன்னும் அதே இடத்தில் இருந்தது. அவர் பெட்ஷீட்டைப் பிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இதுக்கு யாரு விபூதி பூசினது?"

"எங்கம்மா."

"அதுவும் தேவதான். இந்த விண்டோஸுக்கு இனி வேற மருந்து வராது" என்றார். புதியதைப் போட்டால் இந்த மெஷின் தாங்காது என்பதையும் சொன்னார். "இதுல பேங்க் வேல ஒண்ணும் பாக்காதீங்க. பாஸ்வேர்ட் சேவ் பண்ணாதீங்க. போட்டோ இருந்தா வேற எடத்துல ஒரு கொப்பி எடுத்து வச்சிருங்க. அந்தச் செவப்புப் பக்கம் நெசமான வைரஸ் இல்ல, பயங்காட்டுற படம். பயந்து அந்த நம்பருக்கு எடுத்தாத்தான் அநியாயம். விளம்பரத்த மறிக்க நான் ஒண்ணு போட்டுத் தாறன். ஆனா மூலையில வருதே, அத இது மறிக்காது. அதுகள நீங்கதான் வா வான்னு கூப்பிட்டிருக்கீங்க."

"நான் இல்ல நானா. அதுவும் எங்கம்மாதான்."

எங்கே போய் அதை நிறுத்த வேண்டும் என்று காட்டித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அனுமதி வாங்கிய தளங்கள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் நிற்கிற மாதிரி நீளமாக நின்றன. வாயில் நுழையாத பெயர்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்து அழிக்க அழிக்க, அம்மா பக்கத்தில் நின்று பரிந்துபேசினார்.

"அத விடு, பாவம். ஒரு நாளும் தொந்தரவு குடுக்கல."

"எது உங்களுக்குத் தொந்தரவு குடுக்கலன்னு உங்களுக்கு எப்டிம்மா தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தால் கை வேகமாகிவிடும். கடைசியில் வாசிப்பதையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் மளமளவென்று துடைத்துத் தள்ளினேன். இனிமேல் எந்தத் தளமும் வந்து கேட்கவே கூடாது என்று அதற்கும் ஒரு பூட்டுப் போட்டேன். திரை பளிச்சென்று இருந்தது. "இனி உங்க மக மொகத்த மறைக்க ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பதுளைக்குத் திரும்பினேன். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வழக்கம்போல அம்மாவிடம் புறப்பட்டேன். அன்று பஸ்ஸும் சதி செய்தது. அப்புத்தளையில் ஒரே மூடுபனி. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துதான் இறங்கினோம். போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. இருந்தும் எனக்குக் கவலை இல்லை. இந்நேரம் அம்மா ஆற அமர முகத்தைப் பார்த்திருப்பார், ஏதாவது ஒரு முடிவு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் போனபோது அம்மா அந்தக் கோயில் சேலையோடு கதிரையிலேயே இருந்தார். லைட்கூடப் போடவில்லை. திரை வெளிச்சம் மட்டும் முகத்தில் விழுந்தது.

"ஒருத்தரும் வரல" என்றார்.

மௌசைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். தங்கச்சியின் அழைப்பைக் கொண்டுவருகிற தளத்துக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர்தான். அதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறேன். திரும்ப அனுமதி கேட்பதற்கும் அதற்கு வழி வைக்கவில்லை. இதற்குள் என் போன் வீட்டு வைஃபையைப் பிடித்தது. தங்கச்சி எடுத்துத் தவறிப்போன போன் கோல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டின. எண்ணக்கூட மனசு வரவில்லை. போனைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் அடித்தாள்.

"அக்கா, அம்மாவுக்கு என்ன ஆச்சு? மறைக்காம சொல்லு." அழுதுகொண்டிருந்தாள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊரில் ஒரு போனை எடுக்காவிட்டால் வேறு எந்த நினைப்பும் வராது.

"ஒண்ணும் இல்லடி. நல்லா இருக்காங்க. என் மூளைதான் நல்லா இல்ல. கம்பியூட்டர்ல உன்னையும் மறிச்சு வச்சிட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "மேடம் அந்தா நிக்கிறாங்க. ஒப்பந்தப் பேப்பரோட நிக்கிறாங்க. அம்மாகிட்ட குடு."

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பனியோ லைனோ, படம் வரவே இல்லை. குரல் மட்டும்தான் வந்தது. அம்மா போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மொகம் தெரியலயே."

"மொகம் வராதும்மா. பேசுங்க. அவ காத்துக்கிட்டு இருக்கா."

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து நான் பார்த்திராத பயம் அதில் இருந்தது. பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு இப்படிப் பயப்படுவாரா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனைக் காதில் வைத்தார்.

"சின்னவளே" என்றார். "உன் மொகம் எனக்குத் தெரியல. உன் மனசுல என்ன இருக்குன்னும் தெரியல. நீ என்ன நெனச்சாலும் பரவாயில்ல. எனக்கு நீ வேணும். வந்துரும்மா. போதும்."

அம்மாவிடமிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"நீங்க வான்னு கூப்பிட மாட்டீங்களான்னுதாம்மா ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் எடுத்தேன்" என்றாள் தங்கச்சி.